திரும்பி வரும் உரிமை

சென்ற மாதம் ஷாமினி ரெலிபோன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் வேலைக்கு வந்த பிள்ளை அவள். பிரசவ லீவுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் காலத்தை மறுபடியும் கூட்டியிருக்கிறார்களாம். அதைக் கொண்டாட எங்கள் கம்பனியின் மல்கிரேவ் ஒபிசில் ஒரு காலை விருந்தாம். நான் வந்து பேச வேண்டுமாம்.

“அன்ரி, நீங்கள்தான் இதெல்லாம் ஃபர்ஸ்டில இருந்து பாத்தனீங்கள். ஜஸ்ட் பத்து நிமிஷம். பொசிட்டிவ் ஸ்டோரீஸ் மட்டும், ஓகே?”

“பொசிட்டிவ் எண்டா?”

“யூ நோ, பிள்ளை பெத்துப்போட்டுத் திரும்பி வந்து நல்லா இருக்கிறவை.”

நான் யோசித்துப் பார்த்தேன். பத்து நிமிடம் தேவைப்படாது போலிருந்தது.

போனேன், பேசினேன், கைதட்டினார்கள். குரோசான் நன்றாக இருந்தது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னாரிலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து இறங்கிய முதல் வருடமே டண்டினொங்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் பிரசவ லீவு பற்றிய முதல் பாடத்தைக் கற்றேன். வயிறு தெரியத் தொடங்கியதும் என்னைவிடப் பெரிய ஆளின் மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மேற்பார்வை பார்த்த இத்தாலியக் கிழவி ஒருநாள் என் பக்கத்தில் நின்று, “நன்றாகச் சாப்பிடுகிறாய் போல” என்றாள். “ஓம், இங்கே சாப்பாடு நல்லது” என்றேன். அடுத்த கிழமையிலிருந்து எனக்கு வேலை இல்லை. அவள் என்னை நீக்கவில்லை. “உடம்பைப் பார்த்துக்கொள், கூப்பிடுவோம்” என்றாள். என் மகன் இப்போது வீடு வாங்கிவிட்டான். அவர்கள் இன்னும் கூப்பிடவில்லை.

பிறகு பிள்ளை வளர்த்துக்கொண்டே படித்தேன். சம்பளப் பிரிவில் கொஞ்சக் காலம் இருந்தேன். கடைசியில் உறைய வைத்த பேஸ்ட்ரி வகைகள் செய்யும் ஒரு கம்பனியில், ஆட்களைச் சேர்க்கும், அனுப்பும், லீவு கொடுக்கும் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். தொழிற்சாலை டண்டினொங்கில். ஒபிஸ் மல்கிரேவில், செயற்கைக் குளத்தில் வாத்து நீந்தும் ஒரு கட்டடத்தில். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

அந்த வேலையில் சீக்கிரம் பிடிபட்ட ஒரு விதி: ஒரு பெண் என் அறைக்குள் வந்து கதவைத் தானே சாத்தினால், ஒன்று கர்ப்பம், இல்லையென்றால் ராஜினாமா. முகத்தை வைத்து எதுவென்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

கர்ப்பம் என்றால் செய்ய வேண்டிய முறை இது. முதலில் வாழ்த்துச் சொல்ல வேண்டும். வேறெதையும் அதற்கு முன் சொல்லக்கூடாது, பெருமூச்சு உட்பட. பிறகு சட்டத்தைச் சொல்ல வேண்டும்: ஒரு வருடம் லீவு எடுக்கலாம், இன்னொரு வருடம் கேட்கலாம், திரும்பி வரும்போது போன அதே வேலைக்கு வரலாம். அடுத்தது, அவளுடைய இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை எடுப்பது. அவரிடம், “இந்த வேலைக்கு உரியவர் திரும்பி வருவார், அன்றைக்கு நீங்கள் போக வேண்டும்” என்று எடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்வது என் பொறுப்பு. நான் சொல்லும்போது என் மனேஜர் கிரெக் பக்கத்திலேயே இருப்பார். ஆனால் அந்த நேரத்தில் அவர் வெளியே வாத்துகளைப் பார்ப்பார்.

கிரெக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டை மனிதர், மெல்லிய குரல். அத்தனை வருடத்தில் யார்மீதும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் தரை கழுவுகிறவரின் பிள்ளைகளுடைய பெயர்கூட அவருக்குத் தெரியும். என் கணவர் இறந்தபோது தேவாலயத்துக்கு வந்து, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், பூசை முடியும் வரை பின்வரிசையில் நின்ற மனிதர். அவருடைய வாயில் ‘இல்லை’ என்ற சொல் வந்ததே கிடையாது. எதைக் கேட்டாலும் “நிச்சயமாக” என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நம்பி நான் பல காரியங்களில் இறங்கியிருக்கிறேன். நாள் போகப்போகத்தான் விளங்கியது, அவர் “நிச்சயமாக” என்றால் நடக்காது. “யோசிப்போம்” என்றால் நடக்காது என்று ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

என் காலத்தில்தான் கம்பனி தன் சொந்தச் செலவில் பிரசவ லீவுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. அறிவித்த அன்று கேக் வெட்டினோம். அதற்கு அடுத்த கிழமை விற்பனைப் பிரிவுத் தலைவர் என்னிடம் வந்து, “இந்த முறை கொஞ்சம் அனுபவசாலிகளாக அனுப்புங்கள்” என்றார். எவ்வளவு அனுபவம் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “வாழ்க்கை அனுபவம்” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இதே வேண்டுகோள் வரத் தொடங்கியது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு எங்கும் வேலை கிடைப்பதில்லை என்பார்கள். எங்கள் கம்பனியில் அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடம் அவர்களுக்குப் பொற்காலம். பிரசவச் சலுகையால் நேரடியாகப் பயன்பெற்றவர்கள் பிரசவ வயதைக் கடந்தவர்கள்தான்.

தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய பெண்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவர்கள் ஏஜென்சி மூலம் வருபவர்கள். மறுநாள் வேலை உண்டா என்று முதல் நாள் பின்னேரம் ரெலிபோனுக்குத் தகவல் வரும். வயிறு தெரிந்தால் தகவல் வராது. அவ்வளவுதான். யாரும் யாரையும் நீக்கவில்லை. எங்கள் புள்ளிவிவரத்தில் அவர்கள் கர்ப்பமானதே இல்லை.

இனி ரேவதியின் கதை.

ரேவதி கோயம்புத்தூர்க்காரி. அங்கே பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளராக இருந்தவள். இங்கே வந்து, உள்ளூர் அனுபவம் இல்லை என்று எல்லோரும் கையை விரித்ததால், கால் சென்டரில் உட்கார்ந்து மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்களிடம் உற்பத்தித் திட்டமிடல் அலுவலராக வந்தபோதுதான் தன் தொழிலுக்குத் திரும்பினாள். எந்த அடுப்பில் என்றைக்கு எந்த வகை வேகும், அதற்கு மாவும் வெண்ணெயும் இறைச்சியும் எப்போது வந்து சேர வேண்டும், எந்த லொறி எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதெல்லாம் அவள் கையில். அவள் வந்தபின் மாவு இல்லாமல் அடுப்பு காத்திருந்த நாள் இல்லை என்று அடுப்படி ஆட்களே சொல்வார்கள்.

ஒருநாள் வந்து கதவைச் சாத்தினாள். நான் பயந்தது ராஜினாமாவுக்குத்தான்.

“அக்கா, மாசமா இருக்கேன்.”

“வாழ்த்துக்கள் பிள்ளை! இருங்கோ, முதல்ல இருங்கோ.”

உட்கார்ந்தாள். சந்தோசமும் பயமும் ஒன்றாக முகத்தில் இருந்தன. “எனக்கு இந்த வேலை வேணும்க்கா. இந்த நாட்ல நான் யாருன்னு எனக்கே ஞாபகம் வந்தது இங்க வந்த பிறகுதான். திரும்பி வந்தா இருக்கும்ல?”

“இருக்கும். அது உங்கட வேலை. சட்டம் இருக்கு.”

“சட்டம் சரிக்கா. கிரெக்?”

“அவரும் நிச்சயமா எண்டுதான் சொல்லுவார்” என்றேன். அப்போது அவளுக்கு அந்த மொழி தெரியாது.

அவளுடைய இடத்துக்கு டேமியன் வந்தான். இளம் வயது, சிவந்த முகம், நல்ல பையன். அடுக்களைப் பொருட்கள் விற்கும் கடையின் பண்டகசாலையில் இருந்தவன். ரேவதி வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். எந்த வெண்ணெய்க்காரன் சொன்ன நேரத்துக்கு வருவான், எவன் வரமாட்டான், எந்த அடுப்பு மழை நாளில் பிந்திச் சூடாகும் என்பது வரைக்கும். “இவ்வளவும் சொல்லித்தான் ஆக வேணுமா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “அரைகுறையா சொல்லிட்டுப் போனா நான் திரும்பி வர்றப்ப யாருக்கா சரி பண்றது?” என்றாள். அவள் திரும்பி வருவதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மகிழ் என்று பெயர் வைத்தார்கள். லீவில் இருப்பவர் இடையில் ஓரிரு நாள் வந்து வேலையோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி ஒருநாள் ரேவதி குழந்தையோடு வந்தாள். ஒபிசே திரண்டுவிட்டது. குழந்தை கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தபோது, டேமியன் ரேவதியைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான். வெண்ணெய் வருவதில் ஏதோ சிக்கல், அவனுக்குத் தீர்க்கத் தெரியவில்லை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

கிரெக் வந்து குழந்தையின் காலைச் செல்லமாகக் கிள்ளினார். அது சிரித்தது.

“என்ன அழகு. அம்மாவைப் போலவே” என்றார். பிறகு, “ஜசிந்தா, அம்மாவைப் பற்றித்தான் ஒரு விஷயம். அந்தப் பதவியை எடுத்துவிடப் போகிறோம்.”

பிள்ளை திடுக்கிடக்கூடாதென்று குரலை இன்னும் தாழ்த்தித்தான் சொன்னார்.

“எந்தப் பதவியை?”

“உற்பத்தித் திட்டமிடல் அலுவலர். இனி அப்படி ஒன்று இருக்காது. விநியோக ஒருங்கிணைப்புத் தலைவர் என்று ஒரு பதவி வரும். டேமியன் தானாகவே அதற்குள் வளர்ந்துவிட்டான்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேவதி திரையில் எதையோ விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். டேமியன் வாயைத் திறந்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“அவன் வளர்வது தெரிகிறது. வளர்த்துக்கொண்டிருப்பவளும் தெரிகிறாள்” என்றேன்.

கிரெக் திரும்பிப் பார்த்தார். “நல்ல கூட்டு முயற்சி” என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கையில் குழந்தை இல்லாவிட்டால் வேறு விதமாகப் பேசியிருப்பேன். கத்தினால் கிரெக்குக்கு என்மீது அனுதாபம் வரும், அது எதற்கும் உதவாது. ஆகவே அவர் மொழியிலேயே பேசினேன். லீவில் இருப்பவரின் வேலையைப் பெரிதாகப் பாதிக்கும் எதையும் முடிவு செய்யுமுன் அவரோடு கலந்து பேச வேண்டும், அது சட்டம். முடிவெடுத்துவிட்டுக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் கலந்து பேசுவதல்ல. கூட்டத்தை நானே ஒழுங்கு செய்கிறேன் என்றேன்.

“நிச்சயமாக” என்றார் கிரெக்.

நான் நாளையும் நேரத்தையும் அங்கேயே கேட்டு வாங்கினேன். அவருடைய நிச்சயத்துக்கு அது ஒன்றுதான் மருந்து. பேசி முடித்தபோது மகிழ் அவருடைய கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவரும் பொறுமையாகக் குனிந்துகொண்டிருந்தார்.

ரேவதிக்கு நான்தான் ரெலிபோன் எடுத்துச் செய்தி சொன்னேன்.

“அன்னிக்கு நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தப்பவா, அக்கா?”

“ஓம்.”

“மகிழ் உங்க கையில இருந்தா.”

“ஓம் பிள்ளை.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, “இப்ப நான் என்ன செய்யணும்?” என்றாள்.

கம்பனியின் ஆளாக இருந்துகொண்டு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். “கூட்டத்துக்கு வாங்கோ. துணைக்கு ஆள் கூட்டிவரலாம். கேள்வி கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. எந்தக் கேள்வியும். திருப்பிச் சொல்லுறன், எந்தக் கேள்வியும்.”

துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வேலைக்கு வரும் அதே நீலச் சட்டையில் வந்தாள். சட்டை இறுக்கமாக இருந்தது. கிரெக் பேசினார். மாறும் சந்தை, நெகிழ்வான கட்டமைப்பு, எதிர்காலப் பாதை என்று அழகாகவே பேசினார். நடுவில் இரண்டு முறை குழந்தையை விசாரித்தார். அவர் முடிக்கும் வரை ரேவதி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“புதுப் பதவியில் என்ன வேலை என்று எனக்குத் தெரிய வேண்டும். டேமியனைக் கூப்பிட முடியுமா?”

கிரெக் என்னைப் பார்த்தார். நான் வாத்துகளைப் பார்த்தேன்.

டேமியன் அரை மணி நேரத்தில், தலையில் வலைத் தொப்பியோடு, தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தான். ரேவதியைக் கண்டதும் முகம் மலர்ந்து, “மகிழ் எப்படி இருக்கிறாள்?” என்றான். ரேவதி அவனிடம் காலையில் வந்ததும் என்ன செய்கிறான் என்று கேட்டாள். சொன்னான். அதற்குப் பிறகு? சொன்னான். லொறிகள்? அதையும் சொன்னான். ஒளிக்க எதுவும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

“இதைத்தானே நானும் செய்தேன்?”

“ஆமாம், நீங்கள் சொல்லித் தந்ததுதானே.”

“புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது?”

டேமியன் உண்மையாகவே யோசித்தான். பாவம், ஏதாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமென்று முயன்றது முகத்தில் தெரிந்தது. “மின்னஞ்சலில் என் பெயருக்குக் கீழே வரும் பதவி கொஞ்சம் நீளமாகியிருக்கிறது” என்றான்.

ரேவதி கிரெக்கின் பக்கம் திரும்பினாள். “அப்படியானால் என் வேலை இன்னும் இருக்கிறது. நான் அதற்குத் திரும்பி வருகிறேன்.”

கிரெக் மேசையைத் தடவினார். நீர் குடித்தார். “நிச்சயமாக” என்றார். அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள அர்த்தத்தோடு அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இதோடு கதையை முடித்தால் ஷாமினி கேட்ட நல்ல பொசிட்டிவ் ஸ்டோரி கிடைத்துவிடும். விருந்தில் இதுவரைக்கும்தான் சொன்னேன்.

ரேவதி வந்தாள், டேமியன் போனான். போகும் நாளில் சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் உண்மையைத்தானே சொன்னேன்?” என்று கேட்டான். “உண்மைதான்” என்றேன். “சொல்லி முடித்த பிறகுதான் அது என் வேலை என்று ஞாபகம் வந்தது” என்றான். சிரிக்க முயன்றான். அவனுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருந்தது.

சட்டம் ரேவதியைத் திரும்பக் கொண்டுவந்து கதிரையில் உட்கார்த்தியது. ஆனால் அந்தக் கதிரைக்குக் காலையில் எப்படி வந்து சேர்வது என்பது சட்டத்தில் இல்லை. தொழிற்சாலையில் காலை ஏழரைக்கு ஒரு கூட்டம். எல்லாப் பிரிவு ஆட்களும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று அன்றைய உற்பத்தியைத் தீர்மானிப்பார்கள். குழந்தைக் காப்பகத்தில் அவளுக்குக் கிடைத்த இடமோ ஏழரைக்குத்தான் கதவு திறக்கும், அதுவும் வேறு திசையில். கணவனுக்கு நகரத்தில் வேலை. அவன் விடியவே ரயிலேறினால்தான் உண்டு. வீட்டில் யாருடைய சம்பளம் அதிகமோ அவருடைய ரயில் முக்கியம். இது எல்லா நாட்டிலும் உள்ள சட்டம், யாரும் நிறைவேற்றத் தேவையில்லாத சட்டம்.

கூட்டத்தை ஒன்பதுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். அல்லது வீட்டிலிருந்தே காணொளியில் சேர்ந்துகொள்ளட்டுமா? நேரம் மாற்றிக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. தக்க காரணம் காட்டி மறுக்கும் உரிமையும் அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது.

“எனக்கு முழுதாகப் புரிகிறது. ஆனால் அடுப்பு யாருக்காகவும் காத்திருக்காது, இல்லையா?” என்றார் கிரெக்.

ரேவதி ஓர் ஆயாவைப் பிடித்துக் காலையில் மட்டும் பிள்ளையைப் பார்க்க வைத்தாள். அந்தப் பெண் இரண்டு கிழமையில் நின்றுவிட்டாள். காப்பகத்தில் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், கண்ணோய் என்று மாறி மாறி வந்தது. தாய், தகப்பன் இருவருடைய இலக்கமும் காப்பகத்தில் கொடுத்திருந்தாள். ரெலிபோன் அடித்தது எப்போதும் அவளுக்குத்தான். கூட்டத்துக்குப் பிந்தி வரும்போதெல்லாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

ஒருநாள் மறுபடியும் வந்து கதவைச் சாத்தினாள். இந்த முறை நான் முகத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“சண்டை போட்டு வாங்கின வேலை, அக்கா” என்றாள். அவ்வளவு நாளும் அழாதவள் அன்றைக்கு அழுதாள். “யாராவது போடின்னு சொல்லியிருந்தா இருந்து காட்டியிருப்பேன். ஒருத்தரும் சொல்லலையே.”

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் நடைமுறையில் அதற்கு இடமில்லை.

கிரெக்குக்கு உண்மையாகவே வருத்தம். “அவளுடைய தனிப்பட்ட தெரிவு. நாம் மதிக்க வேண்டும்” என்றார். பிரியாவிடைக்குப் பெரிய பூங்கொத்து வாங்கி வைத்தார். அதற்கு அடுத்த மாதம் டேமியனைக் கூப்பிட்டு, நிரந்தர வேலையே கொடுத்தோம். விநியோக ஒருங்கிணைப்புத் தலைவர்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் டேமியனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவனுடைய மனைவி ஆஸ்பத்திரியில் தாதி, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப விரும்பினாள். அதனால் லீவை அவன் எடுத்தான். எங்கள் கம்பனியில் அவ்வளவு நீண்ட லீவு எடுத்த முதல் தகப்பன். தலைமை அதிகாரி நேரில் வந்து கை குலுக்கினார். பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு அவன் நிற்கும் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறியது. அந்த வேலைக்குத் தற்காலிகமாக எடுத்த ஆளிடம், “உரியவர் திரும்பி வருவார்” என்று சொன்னபோது கிரெக் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. அந்த ஆளின் கண்ணைப் பார்த்து, என்னோடு சேர்ந்து தலையாட்டினார்.

டேமியன் திரும்பி வந்தான். காலையில் பிள்ளையைக் காப்பகத்தில் விட வேண்டும் என்றான். அன்றைக்கு மத்தியானமே ஏழரைக் கூட்டம் ஒன்பதரைக் கூட்டமாகிவிட்டது. அடுப்பிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. அது வழக்கம்போல் எரிந்தது.

இதை நான் கிரெக்கிடம் சொல்லாமல் விடவில்லை. “ரேவதி கேட்டதும் இதைத்தான்” என்றேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “அவள் நமக்கு வழி காட்டியிருக்கிறாள், இல்லையா?” என்றார்.

விருந்து முடிந்த அன்று பின்னேரம் டண்டினொங்கில் நம்மவர் கடையொன்றுக்கு மீன் வாங்கப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், “அக்கா!” என்று ஒரு குரல். ரேவதி. எங்களை விட்டுப் போய்ச் சில காலம் வீட்டில் இருந்து, பிறகு மருந்துப் பெட்டிகள் செய்யும் கம்பனியில் மிகச் சிறிய வேலையில் சேர்ந்து மறுபடி ஏறியவள் என்று எனக்குத் தெரியும். இப்போது அங்கே உற்பத்தி முழுவதற்கும் மனேஜர். மகிழ் நாலாம் வகுப்பாம்.

விருந்தில் அவளைப் பற்றிப் பேசியதைச் சொன்னேன். எதுவரைக்கும் சொன்னேன் என்பதையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. போன வருஷம் ஒரு பிளானர் தேவைப்பட்டுச்சு, நான் அங்க பாத்த அதே வேலைக்கு. இன்டர்வியூக்கு ஒரு வியட்நாம் பொண்ணு வந்தா. பிரமாதமா பதில் சொன்னா. நான் என்ன பாத்துட்டு இருந்தேன் தெரியுமா? அவ விரல்ல இருந்த மோதிரத்தை. புதுசு. கல்யாணமாகி எத்தனை மாசம் இருக்கும்னு மனசு கணக்குப் போடுது. நானே!”

“எடுத்தனீங்களா?”

“எடுத்தேன். சேந்த கொஞ்ச நாள்லயே மாசமா இருக்கேன்னு வந்து நின்னா. ஒரு வருஷம் ஆகல, அதனால சட்டப்படி அவளுக்கு ஒண்ணும் கிடையாது, நாம எதுவும் செய்யத் தேவையில்லன்னு எங்க எச்.ஆர். சொல்றாங்க. நான் மேல போய்ச் சண்டை போட்டு லீவு வாங்கிக் குடுத்தேன்.”

“பிறகென்ன, நல்ல விஷயம்தானே.”

“இல்லக்கா, கேளுங்க. அவ இடத்துக்கு ஒரு பையனை எடுத்தோம். அவளைவிட நல்லா செய்யறான். தங்கமான பையன். ஈஸ்டர் முடிஞ்சு அவ வர்றா, இவனை நான் அனுப்பணும். தினமும் காலையில வந்து குட் மார்னிங் சொல்றான். என்னால அவன் முகத்தப் பாக்க முடியல.” சாமான் பையைக் கை மாற்றிப் பிடித்தாள். “கிரெக்குக்கும் இப்படி இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

“அப்ப அவர் கெட்டவர் இல்லையா?”

“கெட்டவர் இல்லை. கண்ணுக்கு முன்னால நிக்கிற ஆளுக்கு மெத்த நல்லவர். லீவில போன ஆள் கண்ணுக்கு முன்னால நிக்கிறேல்லைத்தானே.”

யாரோ அரிசி மூட்டை எடுக்க வந்தார்கள், இருவரும் விலகி நின்றோம். பிறகு ரேவதி கைப்பையிலிருந்து ரெலிபோனை எடுத்து, அங்கேயே நின்றபடி ஓர் இலக்கத்தை அழுத்தினாள். ஆங்கிலத்தில் பேசினாள்.

“ஒன்றுமில்லை, சும்மாதான் எடுத்தேன். பிள்ளை எப்படி இருக்கிறான்? நித்திரை கொள்கிறானா?” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஈஸ்டருக்குப் பிறகு வருகிறாய்தானே? இல்லை இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. வருகிறாய் என்று உன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அதற்கும் மேலாக ஒரு பெண் குரல், கேட்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில், “யெஸ், யெஸ், யெஸ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது.